எனக்கு உடனே திறக்குதே

"திறக்கல" என்ற சொல்லைக் கேட்டாலே மாப்பிள்ளைக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மூன்று வாரமாக அதே பாட்டு. காலையில் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், பையை இறக்கி வைப்பதற்குள் "மாப்பிள்ளை, திறக்கல". டீயில் வாய் வைத்தால் "மாப்பிள்ளை, சுத்திக்கிட்டே இருக்கு". கழிவறைக்குள் போனால்கூட விடுவதில்லை. வெளியே நின்று கதவைத் தட்டி, "ஒண்ணும் அவசரமில்ல, முடிச்சிட்டு வந்து பாருங்க, ஃபைல் திறக்கல" என்பார்கள். ஒன்றும் அவசரமில்லையாம்!

அவன் ஓர் அலுவலகத்துக்கே மாப்பிள்ளை ஆனது தனிக் கதை. அது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், படிப்புச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரங்கள் எல்லாவற்றையும் வேறு மொழிக்கு மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். பதினான்கு பேர் வேலை செய்தார்கள். அதில் மூத்தவர் அவனுடைய மாமியார். சான்றிதழ் மேசையில் இருபத்தாறு வருடம். ஒன்பது வருடத்துக்கு முன் அவர்தான் முதலாளியான மேடத்திடம் சொல்லி, கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டார். முதல் நாளே எல்லார் முன்னாலும், "மாப்பிள்ளை, இந்தப் பிரிண்டரைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டார். முடிந்தது. அன்றிலிருந்து வரவேற்பு மேசைப் பெண்ணிலிருந்து மேடம் வரைக்கும் அவன் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை என்றால் ராஜ மரியாதை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில் அந்த அலுவலகத்தாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. இயந்திரங்களுக்கு எண் கொடுத்தால் ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் உறவுமுறை. கலர் பிரிண்டர் சின்னம்மா. அடிக்கடி தாளைக் கடித்துத் துப்பும் ஸ்கேனர் நாத்தனார். பன்னிரண்டு வருடம் எல்லார் ஃபைலையும் சுமந்த பழைய சர்வர் பெரியப்பா. ஒரு வருடம் மேடத்திடம் மன்றாடி, ஆறு வாரத்துக்கு முன் மாப்பிள்ளை வாங்கி வைத்த புதிய சர்வர் தம்பி.

தம்பி வந்த முதல் மூன்று வாரம் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. நான்காவது வாரம் திங்கட்கிழமை காலையிலிருந்து பிடித்தது சனி. ஃபைலைச் சொடுக்கினால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, போனால் போகிறது என்று திறக்கும். ஒரு சான்றிதழை மூன்று முறை திறக்க வேண்டும். எழுத ஒரு முறை, சரிபார்க்க ஒரு முறை, திருத்தி அச்செடுக்க ஒரு முறை. சான்றிதழ்களைச் செய்து தள்ளும் மாமியாருக்கு, அவன் கூப்பிடுகிற முறையில் அத்தைக்குத்தான் அடி. ஒரு நாளைக்கு நாற்பது முடிப்பவர் இப்போது இருபத்துமூன்றைத் தாண்டுவதில்லை.

அத்தை வாயைத் திறக்கவில்லை. சத்தம் போட்டதெல்லாம் பத்திரம். வீட்டுப் பத்திரங்களை மொழிபெயர்க்கிற கனத்த மனிதர், எல்லாரும் கூப்பிடுவது பத்திரம் என்றுதான். அவர் காலையில் எண்பது பக்க ஃபைல் ஒன்றைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார். அவருக்கு நஷ்டம் ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கு அவர் போட்ட ஆர்ப்பாட்டம் இருக்கிறதே!

"மாப்பிள்ளை, நான் ஃபைலைச் சொடுக்கிட்டு முடி வெட்டிக்கப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள திறந்திடுமா, இல்ல ஷேவிங்கும் பண்ணிக்கட்டுமா?"

ஹால் முழுக்கச் சிரிக்கும். மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அவன் அறையில் எல்லாம் சரியாகவே இருந்தது. கழிவறைக்குப் பக்கத்தில் அலமாரி அளவுக்கு ஓர் அறை. ஏசி சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. அங்கே உட்கார்ந்து சோதனைக்கென்று தானே உருவாக்கிய ஃபைலைத் தம்பியில் போட்டுத் திறப்பான். கண் இமைப்பதற்குள் திறக்கும். நூறு பக்கம் வைத்துப் பார்த்தான், படம் வைத்துப் பார்த்தான். திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளருடைய ஃபைலைச் சர்வர் பார்க்கிறவர் திறக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான், ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட மீறியதில்லை என்று அவனுக்குப் பெருமையும் உண்டு. யாராவது கூப்பிட்டு அவன் எழுந்து போய்ச் சேருவதற்குள் அந்த ஃபைல் திறந்திருக்கும். "இப்பத்தான் திறந்துச்சு" என்பார்கள். "எனக்கு உடனே திறக்குதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவான். ஒரு நாளைக்கு இருபது முறையாவது அதைச் சொல்லியிருப்பான்.

இந்தத் தொல்லை தொடங்கிய மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மேடம் எல்லாரையும் ஹாலில் கூட்டினார். மேடம் அதிகம் பேசமாட்டார், பேசினால் திருப்பிப் பேச இடம் வைக்கமாட்டார். கையில் ஒரு தாள். போன மாதம் யார் எத்தனை முடித்தார்கள், இந்த மாதம் எத்தனை என்று இருந்தது.

"வாசல்ல ஜனங்க நிக்குறாங்க. பக்கத்துத் தெருவுல புது ஆபீஸ் திறந்திருக்கான், அங்க போயிடுவாங்க. மாப்பிள்ளை, என்னதான் பிரச்சினை?"

"சர்வர்ல ஒரு குறையும் இல்ல மேடம். எனக்கு உடனே திறக்குது."

"உங்களுக்குத் திறந்து என்ன பண்றது? சான்றிதழ் நீங்களா எழுதுறீங்க?" என்றார் பத்திரம்.

கொல்லென்று சிரிப்பு. மாப்பிள்ளைக்கு நாக்கு முந்திக்கொண்டது. பத்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மிஷின்ல ஒண்ணுமில்ல மேடம். உபயோகிக்கிறவங்க கையிலதான் இருக்கு."

மேடம் தாளை மடித்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். சர்வர்ல குறைன்னு தெரிஞ்சா, அதைப் பாத்துக்க வெளியிலேருந்து ஒரு கம்பெனி வரும். மாப்பிள்ளைக்கு இங்க வேலை இருக்காது. ஆளுங்க கையிலதான் குறைன்னா, எண்ணிக்கை யாருக்கு அதிகமா விழுந்திருக்கோ அந்த மேசையை எடுத்துட்டு அந்த வேலையை வெளிய குடுத்துடுவேன். ரெண்டுல ஒண்ணு."

எண்ணிக்கை யாருக்கு அதிகமாக விழுந்திருக்கிறது என்று கேட்கவே வேண்டாம். எல்லாத் தலைகளும் சான்றிதழ் மேசைப் பக்கம் திரும்பின. அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வீட்டில் இரண்டு சம்பளம், அதில் ஒன்று போகப்போகிறது. எது போகும் என்பதை அவன் வாயாலேயே சொல்லி முடித்திருந்தான்.

கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அன்றிலிருந்து அவன் பட்ட பாடு நாய்படாத பாடு. கேபிள்களை எல்லாம் பிடுங்கி மாற்றினான். வைரஸ் பார்க்கிற மென்பொருளை நிறுத்திப் பார்த்தான். மதிய இடைவேளையில் தம்பியை இரண்டு முறை அணைத்து எழுப்பினான். வட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான், எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் புல்லாங்குழல் வாசித்துவிட்டு ஒருவர் வந்து, "சர்வர் நல்லாத்தான் இருக்கு சார், உங்க நெட்வொர்க்கைப் பாருங்க" என்றார். நெட்வொர்க் போட்ட கம்பெனியைக் கூப்பிட்டால், "லைன் நல்லாத்தான் இருக்கு சார், சர்வரைப் பாருங்க". அவன் இவனைக் கைகாட்ட, இவன் அவனைக் கைகாட்ட, நடுவில் மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறார்கள், பிறகு எவன்தான் நாசமாகப் போனவன்?

புதன்கிழமை அத்தை அவன் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். திறக்கறப்போ கீழ…"

"அத்தை, எனக்கு உடனே திறக்குது. நீங்க ரெண்டு தடவை சேர்த்துச் சொடுக்குறீங்களா, மெதுவாச் சொடுக்குறீங்களா? அதை மொதல்ல பாருங்க. நான் போன்ல இருக்கேன்."

போனில் புல்லாங்குழல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தை இல்லை. மனைவி சமையலறையில் பாத்திரங்களைக் கழுவவில்லை, அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது, இன்றைக்குத் தனக்குத்தான் பூஜை என்று.

"அத்தை எங்க?"

"புதுக் கண்ணாடி வாங்கப் போயிருக்காங்க."

"பழசுக்கு என்ன? எட்டு மாசம்தானே ஆச்சு."

"அதைத்தான் நானும் கேட்டேன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "தெரியுமா உங்களுக்கு? மூணு நாளா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உங்க பழைய லேப்டாப்பை வெச்சுக்கிட்டுச் சொடுக்கிச் சொடுக்கிப் பழகுறாங்க. இருபத்தாறு வருஷம் அதே வேலை பார்த்த மனுஷி, சின்னப் பிள்ளை மாதிரி!"

"யார் பழகச் சொன்னா?"

"நீங்கதான். கூடம் கோணல்னு ஊர் முன்னாடி சொன்னீங்களாமே."

"அடக் கடவுளே, அது பத்திரத்தைச் சொன்னது!"

"நீங்க யாரைச் சொன்னீங்களோ, பட்டது யாருக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அம்மா பக்கத்துல ஒக்காந்து அந்த மிஷின் என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களா?"

"வாடிக்கையாளர் ஃபைலை நான் பாக்கக் கூடாது. விதி."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு ஒக்காருங்க! பக்கத்துல ஒக்காரவும் விதி இருக்கா?"

கோபம் வந்தது, ஆனால் யார் மேல் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை முழுக்க நெட்வொர்க் கம்பெனி ஆள் வந்து மேலே ஏணி வைத்து ஏறி, கூரைத் தூசியை எல்லாம் பத்திரத்தின் தலையில் கொட்டிவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்று இறங்கிப் போனார். மணி இரண்டரை. இன்னும் இரண்டரை மணி நேரம்தான். வேறு வழி தெரியாமல்தான் மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அத்தையின் மேசைக்குப் பக்கத்தில் போட்டான்.

"அத்தை, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் சும்மா இருக்கேன்."

அத்தை புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி. முதலில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கேனைத் திறந்தார். டக்கென்று திறந்தது. மாப்பிள்ளை மனசுக்குள் பார்த்தாயா என்றான். அடுத்து, போன வாரம் முடித்த ஒரு பழைய பிறப்புச் சான்றிதழைச் சொடுக்கினார், ஒரே சொடுக்கு போல இரண்டு, சுத்தமாக, அவனால்கூட அவ்வளவு சுத்தமாகச் சொடுக்க முடியாது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"பழசை எதுக்குத் திறக்குறீங்க?"

"புதுசா யார் எழுதுறது? பழசைத் திறந்து பேரையும் தேதியையும் மாத்தி, வேற பேர்ல சேமிச்சுக்குவோம். எல்லாரும் அப்படித்தானே? கட்டம், பார்டர், கீழ உறுதிமொழி எல்லாம் அதுல சரியா இருக்குமே."

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நொடி. முப்பது.

"அதோ, வந்துடுச்சு" என்றார் அத்தை.

"என்னது?"

"கீழ ஓடுதே, அது."

திரையின் அடி விளிம்பில், எறும்பு ஊர்வது போல் ஒரு வரி. மாப்பிள்ளை மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். பெரியப்பாவைத் தொடர்புகொள்கிறது. அவ்வளவுதான் அந்த வரி.

அவன் அதை மறுபடியும் எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"அத்தை. இது எப்பலேருந்து வருது?"

"மூணு வாரமா. தினம் ஒவ்வொரு தடவையும் வருது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன் புதன்கிழமை. நீங்க போன்ல இருந்தீங்க." அத்தை குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், பெரியப்பா உங்க மிஷின்தானே. நீங்கதான் ஏதோ காரணமா அப்படிப் பண்ணி வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

பெரியப்பா! மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஹாலில் ஒருவரும் இல்லாதபோது, அந்தப் பழைய பெட்டியை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பழைய இரும்பு எடுக்கிறவரிடம் கொடுத்தனுப்பியவன் அவன்தான். ஃபைல்கள் எல்லாம் தம்பிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலிப் பெட்டி எதற்கு மின்சாரம் குடிக்க வேண்டும் என்று நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. காலிப் பெட்டியைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது?

இப்போது விளங்கியது. அந்த அலுவலகத்தில் எவரும் வெற்றுத்தாளில் ஆரம்பித்ததே இல்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு சான்றிதழும் இன்னொரு சான்றிதழின் வயிற்றில் பிறந்தது. அதன் தாய், தாயின் தாய் என்று பின்னால் போனால் எல்லாம் ஒரே ஃபைலில் போய் நிற்கும். அந்த ஃபைலுக்கான பார்டரும் முகப்பும் பெரியப்பாவில் வைக்கப்பட்டிருந்தன. அதனால் ஒவ்வொரு ஃபைலும் திறக்கும்போது, தன் பார்டரும் முகப்பும் எங்கே என்று பெரியப்பாவைப் போய்க் கேட்டது. பெரியப்பா உயிரோடு இருந்தவரை ஒரு நொடியில் பதில் வந்துவிடும். இப்போது பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் போல இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, சரி யாருமில்லை என்று தானாகவே திறந்துகொண்டது. அவனுடைய சோதனை ஃபைல் வெறும் தாளில் பிறந்தது. அதற்குப் பெரியப்பாவைத் தெரியவே தெரியாது. பிறகு ஏன் அவனுக்கு உடனே திறக்காது?

அந்தப் பார்டரை வரைந்து பெரியப்பாவில் கொண்டுபோய் வைத்தவர் யார் என்று கேட்டால், அதுவும் இதே மகராசன்தான். வேலையில் சேர்ந்த முதல் வருடம்.

சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தம்பிக்குப் பெரியப்பா என்று இரண்டாவதாக ஒரு பெயரையும் கொடுத்தான். யாராவது பெரியப்பா வீடு எங்கே என்று கேட்டால் தம்பி வீட்டைக் காட்டும்படி செய்தான். பழைய இடத்தில் இருந்த அதே பெயரில் பார்டரையும் முகப்பையும் வைத்தான். அத்தையின் மேசைக்கு ஓடிவந்து, "இப்பத் திறங்க" என்றான்.

சொடுக்கினார். திறந்தது. வட்டமே வரவில்லை.

"ஏய், திறந்துடுச்சு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஹால் முழுக்கச் சொடுக்குகிற சத்தம் கிளம்பியது. பத்திரம் எண்பது பக்க ஃபைலை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்து, "மாப்பிள்ளை, இனிமே நான் எங்க போய் முடி வெட்டிக்கறது?" என்றார். அத்தை ஒரு ஃபைலைத் திறப்பார், மூடுவார். இன்னொன்றைத் திறப்பார், மூடுவார். வேலை எதுவும் செய்யவில்லை. திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

மணி நாலேகால். மாப்பிள்ளை முகத்தைக் கழுவிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனான். போகும்போதே மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் பண்ணிவிட்டான். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பழைய ஃபைலை நகலெடுத்து நகலெடுத்து வேலை செய்கிற பழக்கத்தால் வந்த கோளாறு மேடம், யார் மேலும் தப்பில்லை, சர்வரிலும் குறையில்லை, ஆட்களிடமும் குறையில்லை, கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். அப்படிச் சொன்னால் அத்தை மேசையும் தப்பும், தன் தலையும் தப்பும். பாம்பும் சாகாது, தடியும் முறியாது என்று கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"சரியாயிடுச்சு மேடம்" என்று ஆரம்பித்தான்.

"கேட்டேன், ஹால்ல சத்தம் வந்துச்சு. உக்காருங்க." மேடம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. காலையில பதினோரு மணிக்குக் குடுத்தாங்க. அஞ்சு மணி வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் கேட்டு வாங்கல, அவங்களா எழுதினது."

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் பால் கணக்கிலிருந்து மருந்துச் சீட்டு வரை அவன் தினமும் பார்க்கிற கையெழுத்து.

"என் கண்ணும் கையும் முன்போல் இல்லை. புதுக் கண்ணாடி போட்டும் காலையில் ஆறு சான்றிதழ்தான் முடிக்க முடிந்தது. எண்ணிக்கை குறைந்ததற்கு நானே காரணம். சர்வரில் குறை எதுவும் இல்லை. திங்கட்கிழமை முதல் என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மாப்பிள்ளை வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்."

மாப்பிள்ளை இரண்டு முறை படித்தான். தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

"என்ன சொல்றீங்க? இது சரிதானா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். "இதுல ஒரு வரிகூட சரியில்ல. பழைய சர்வரை யாருக்கும் சொல்லாம நான்தான் அணைச்சேன். எல்லா ஃபைலும் இன்னும் அதைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரத்துல ஒரு தடவை அவங்க பக்கத்துல போய் உக்காந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம் போச்சு, இவங்கதான் ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கறவங்க, அதனால இவங்களுக்கு எல்லாம் போச்சு. அவங்க கையில ஒரு குறையும் இல்ல. குறை எங்கிட்ட."

மேடம் தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"இதை நீங்களே அவங்ககிட்டத் திருப்பிக் குடுத்திடுங்க. அவங்க மேசை அங்கேயே இருக்கும். உங்க விஷயம் திங்கட்கிழமை பேசலாம். வெளிக் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லியாச்சு, அதை நான் மாத்தப் போறதில்ல."

"சரி மேடம்."

வேலை போனது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆச்சரியமாக, அது அப்போது வலிக்கவில்லை. வெளியே வந்து ஹாலைத் தாண்டி நடந்தான். பத்திரம் ஏதோ கேலி பேச வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

அத்தை ஒரு திருமணச் சான்றிதழில் மணமகள் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அந்தத் தாளைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அத்தை அதைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"மேடம் காட்டிட்டாங்களா?"

"தப்பு முழுக்க என்னோடது அத்தை. மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன். உங்க மேசை உங்களுக்குத்தான்." அவனுக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. "எனக்காக இப்படிப் போய் பொய் எழுதிக் குடுப்பீங்களா? கண்ணு போச்சு, கை போச்சுன்னு?"

அத்தை புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பொய்யா? கடைசி வரி மட்டும்தான் மாப்பிள்ளை உங்களுக்காக எழுதினேன். மத்ததெல்லாம் நிஜம்னு நினைச்சுத்தான் எழுதினேன். மத்தவங்களுக்கும் சுத்துதுன்னு தெரியும், ஆனா யாருக்கும் என் அளவு குறையலையே. நீங்கதானே சொன்னீங்க, உங்களுக்கு உடனே திறக்குதுன்னு. இருபத்தாறு வருஷம் பழகின கையை நம்பல, நீங்க சொன்னதை நம்பினேன்."